ஊர் முதலில், இணையம் கடைசியில்: கல்வெட்டும் நடுகல்லும் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஏரிக்கரை. வேப்பமரத்தடியில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு பலகைக்கல் நிற்கிறது. அதில் ஒரு கையில் வில்லும் மறு கையில் குறுவாளுமாக ஒரு வீரன். தலைக்கு மேல் நான்கு வரி வட்டெழுத்து, அதாவது பழைய காலத்துத் தமிழ் எழுத்து. கல் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு, மஞ்சள், குங்குமம். ஊர்க்காரர்களுக்கு அவர் வேடியப்பன். பசு கன்று போட்டால் முதல் பால் அவருக்குத்தான்.

பைக்கில் வந்து இறங்கும் நமக்கு அது நடுகல், மாண்ட வீரனுக்கு நட்ட நினைவுக்கல். நாலு படம் எடுத்து, இடக்குறியோடு முகநூலில் ஏற்றிவிட்டுக் கிளம்ப மூன்று நிமிடம் போதும். அந்த மூன்று நிமிடத்தில் எத்தனை பேரைத் தாண்டிப் போய்விட்டோம் என்பது எனக்கு உறைக்கச் சில வருடங்கள் ஆயின. விளக்கேற்றும் குடும்பம், வழி காட்டிய ஆடு மேய்க்கும் பெரியவர், நமக்கு முன்பே அந்தக் கல்லைப் படியெடுத்திருக்கக்கூடிய ஆய்வாளர், நாளைக்கு வந்து படிக்கப் போகிறவர் என்று எல்லோருக்கும் அந்தக் கல்லில் பங்கு இருக்கிறது. புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்கள் அந்தப் பங்கை மதித்து எப்படி வேலை செய்யலாம் என்பதைத்தான் வரிசையாகச் சொல்லப் போகிறேன். நான் பின்பற்றும் வரிசை இது: ஊர் முதலில், அரசு அடுத்து, இணையம் கடைசியில்.

எது யாருக்குச் சொந்தம்?

கிளம்புவதற்கு முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஒரே கல்லில் மூன்று நான்கு சொத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

கல் என்ற பொருள் நிலத்துக்கோ கோயிலுக்கோ அரசுக்கோ உரியது. கண்டுபிடித்ததால் அது உங்களுடையது ஆகாது. கல்லில் உள்ள வாசகத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. எழுதி ஆயிரம் ஆண்டு ஆன பல்லவர் காலத்துச் சொற்களை யாரும் பூட்டி வைக்க முடியாது. ஆனால் அந்த வாசகத்துக்கு ஒருவர் எழுதிய மொழிபெயர்ப்பு, குறிப்புரை, ஆய்வுக் கட்டுரை எல்லாம் அவருடைய உழைப்பு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் உயிரோடிருக்கும் காலமும் அவர் இறந்த பிறகு 60 ஆண்டுகளும் அந்த உரிமை நிற்கும். படத்துக்கும் அப்படித்தான், உரிமை எடுத்தவருடையது. கூலி கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், எடுக்கச் சொன்னவருக்கு அது போய்விடும். ஆண்டுவிழா மலருக்காகப் படக்காரரை ஏற்பாடு செய்கிறவர்களும் படக்காரர்களும் இதை முன்கூட்டியே பேசி எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

நான்காவதாக ஒன்று இருக்கிறது. சட்டப் புத்தகத்தில் அதற்குத் தனிப் பெயர் இல்லை. அந்தக் கல் எங்கே இருக்கிறது, யார் அதைக் கும்பிடுகிறார்கள், அதைப் பற்றி என்ன கதை சொல்கிறார்கள் என்ற அறிவு அது. அது ஊருடையது. இந்தத் துறையில் நடக்கும் மனக்கசப்புகளில் பாதிக்கு மேல் இந்த நான்காவதை நாம் கண்டுகொள்ளாததால் வருபவை.

வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை

போகப் போகும் ஊரின் கல்வெட்டுகள் ஏற்கெனவே படிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளின் முதல் தொகுதி 1890-ல் வந்தது. அப்புறம் கல்வெட்டு ஆண்டறிக்கைகள், தமிழ்நாடு தொல்லியல் துறையின் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதிகள், தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் வெளியிடும் 'ஆவணம்' இதழ் ஆகியவற்றைப் புரட்டாமல் 'புதிய கண்டுபிடிப்பு' என்ற சொல்லை வாயில் எடுக்காதீர்கள். நூறு வருடம் முன்பு ஒருவர் மாட்டுவண்டியில் போய்ப் படியெடுத்து எண் போட்டு வைத்த கல்வெட்டை நாம் போன வாரம் கண்டுபிடித்ததாகச் செய்தி போடுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

பழைய தொகுதிகளிலிருந்து எவ்வளவு எடுத்துப் போடலாம் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அரசு வெளியீடுகளுக்குப் பதிப்புரிமை வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டு. 1890-ஆம் ஆண்டுத் தொகுதியை முழுசாகவே வருடி இணையத்தில் வைக்கலாம். 1972-ல் வந்த அரசுத் தொகுதி என்றால் 2032 முடியும்வரை உரிமை இருக்கிறது. அதிலிருந்து ஆய்வுக்காகவும் விமர்சனத்துக்காகவும் நியாயமான அளவு மேற்கோள் காட்டலாம், தொகுதியையே பிடிஎஃப் ஆக்கிப் பரப்பக் கூடாது. நாட்டுடைமை ஆக்கப்பட்ட அறிஞர்களின் நூல்களை மறுபதிப்புச் செய்யத் தடை இல்லை. அங்கும் எழுதியவர் பெயரைச் சொல்லாமல் விட்டால் அது திருட்டுதான்.

இடம் காப்புக்காட்டுக்குள் இருந்தால் வனத்துறை அனுமதி வேண்டும். பாறை ஓவியங்கள் தேடி நீலகிரிப் பக்கம் போகிறவர்கள் இதைச் சாதாரணமாக நினைக்கிறார்கள். கோத்தகிரிக்கு அப்பால் கரிக்கையூரில் பாறை ஓவியங்கள் மேல் வந்து போனவர்கள் கீறியும் எழுதியும் வைத்திருக்கிறார்கள். அந்தக் காட்டில் இருளர் குடியிருப்புகள் இருக்கின்றன. அவர்கள் துணையில்லாமல் அங்கே போவது முறையும் இல்லை, பத்திரமும் இல்லை.

மத்தியத் தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களில் 2018 முதல் பெரும்பாலும் சாதாரணக் கேமராவுக்குத் தடை இல்லை. முக்காலி, டிரோன், படப்பிடிப்பு என்றால் அனுமதி கேட்க வேண்டும். வழிபாட்டில் உள்ள கோயில்களில் மூலவரைப் படம் எடுக்கக் கூடாது. கைபேசிக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது. அலுவலகத்தில் கடிதம் கொடுத்துவிட்டுக் கல்வெட்டுச் சுவரை மட்டும் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். மறுத்தால் நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.

ஊருக்குள் நுழையும்போது

வண்டியை நேராகக் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். டீக்கடையில் உட்காருங்கள். எங்கிருந்து வருகிறோம், என்ன பார்க்க வந்தோம் என்று சொல்லுங்கள். பூசாரி யார், நிலம் யாருடையது என்று விசாரியுங்கள். "இங்க புதையல் எடுக்க வந்தீங்களா?" என்ற கேள்வி கண்டிப்பாக வரும். கோபப்படாதீர்கள். நடுகல்லுக்கு அடியில் பொன் இருக்கிறது என்று நம்பி இரவோடிரவாகக் கல்லைப் பெயர்த்துத் தள்ளியவர்கள் உண்டு, அந்த ஊர்க்காரர் சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது.

கேட்க வேண்டியது மூன்று: பார்க்கலாமா, படம் எடுக்கலாமா, படத்தை வெளியே போடலாமா. மூன்றும் தனித்தனி அனுமதி. முதலாவதுக்குச் சரி என்றவர் மூன்றாவதுக்கு வேண்டாம் என்று சொல்ல உரிமை உள்ளவர். ஒருமுறை ஒரு பாட்டி எங்களிடம், "பாத்துக்கோ சாமி, போட்டோவும் புடிச்சுக்கோ, ஆனா ஊரு பேரு போடாத, நாளைக்கு எவனாவது வந்து தூக்கிட்டுப் போயிட்டா நாங்க யாரைக் கும்புடறது?" என்றார். தொல்பொருள் பாதுகாப்பைப் பற்றி நான் கேட்ட பேச்சுகளில் அதைவிடத் தெளிவானது இன்னொன்று இல்லை.

கல்லைத் தொடும்போது

இதில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். முதல் வருடம் எழுத்து தெரியவில்லை என்று சுண்ணக்கட்டியை எழுத்துப் பள்ளங்களில் தேய்த்துப் படம் எடுத்தேன். படம் அழகாக வந்தது. பிறகு ஒரு மூத்த கல்வெட்டு அறிஞர் அதைப் பார்த்துவிட்டு, "இது கல்வெட்டின் படம் இல்லையப்பா, நீ கல்வெட்டு என்று நினைத்ததன் படம்" என்றார். அவர் சொன்னது சரி. கல்லின் சிராய்ப்பு ஒன்றை எழுத்தின் கால் என்று நினைத்துச் சுண்ணாம்பு ஏற்றியிருந்தேன். அந்தப் படத்தை வைத்துப் படிக்கிற எல்லோரும் என் தவறையும் சேர்த்தே படிப்பார்கள். மைதா மாவு, பவுடர், விபூதி, பெயின்ட் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சு அடித்ததில் எத்தனையோ கோயில் சுவர்களில் எழுத்து மழுங்கிப் போயிற்று. அதே காரியத்தைச் சின்ன அளவில் நாமும் செய்ய வேண்டாம்.

பதிலாக ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு, இருட்டத் தொடங்கும் நேரத்தில் போங்கள். கேமராவை நேராக வைத்து, விளக்கைக் கல்லின் பக்கவாட்டில், ஏறக்குறைய கல்லோடு ஒட்டினாற்போல் பிடியுங்கள். பகலில் வெறும் சொரசொரப்பாக இருந்த இடத்தில் நிழல் விழும். விளக்கை மெதுவாக மேலே நகர்த்தினால் ஒவ்வொரு கோடாக எழும்பி வரும். அந்த வேடியப்பன் கல்லில் முதலில் 'தொறு' என்ற சொல் தெரிந்தது. அடுத்த வரியின் கடைசியில் 'பட்டான்'. தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் மாண்டான். மாடு மீட்கப் போய்ச் செத்துப்போன ஒருவனின் கல் என்பது அந்த ஒற்றை விளக்கு வெளிச்சத்தில் தெரிந்துவிட்டது. இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என்று குறைந்தது மூன்று திசை வெளிச்சத்தில் ஒவ்வொரு வரியையும் எடுங்கள். அளவுகோலைக் கல்லின் மேல் சாய்க்காமல் பக்கத்தில் வையுங்கள். கல் எந்தத் திசை பார்க்கிறது, உயரம், அகலம், சுற்றி என்ன இருக்கிறது என்பதையும் நோட்டில் குறியுங்கள்.

எண்ணெய்ப் பிசுக்கை நீங்களாகக் கழுவக் கூடாது. அது அழுக்கு அல்ல, வழிபாடு. அபிஷேகம் என்றைக்கு என்று பூசாரியிடம் கேட்டு அன்றைக்குப் போங்கள். அவரே தண்ணீர் ஊற்றிக் கழுவுவார், மறுபடி எண்ணெய் சாத்துவதற்குள் படம் எடுத்துக்கொள்ளலாம்.

மைப்படி எடுப்பது இன்னொரு படி மேல். ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒத்தி எடுக்க வேண்டும். எழுத்து வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் வரும். காகிதம் கிழிந்தால் மை கல்லில் இறங்கிவிடும், அப்புறம் போகாது. பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இல்லாமலும் துறையின் அல்லது கோயிலின் அனுமதி இல்லாமலும் இதில் இறங்காதீர்கள்.

கீழே கிடப்பதை எடுக்காதீர்கள்

கறுப்பு சிவப்புப் பானை ஓடு ஒன்று வரப்பில் கிடக்கிறது. ஒன்றே ஒன்றை ஞாபகத்துக்கு எடுத்துக்கொண்டால் என்ன? கை பரபரக்கும், எனக்குத் தெரியும். அந்த ஓடு எந்த மண் அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் மதிப்பே இருக்கிறது. கீழடியில் கிடைத்த கரித்துண்டு கி.மு. 580 என்ற காலக்கணிப்பைத் தந்தது என்றால், அது எந்த ஆழத்தில், எந்தப் பொருள்களோடு கிடந்தது என்று துல்லியமாகப் பதிந்திருந்ததால்தான். பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த ஓடு, ஓடு மட்டும்தான்.

அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். மாநிலத் தொல்லியல் துறையே அகழாய்வு செய்ய மத்திய அரசின் அனுமதியை வாங்கித்தான் இறங்குகிறது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலை, நாணயம், கல்வெட்டு போன்றவையும், 75 ஆண்டுக்கு மேற்பட்ட முக்கியத்துவம் வாய்ந்த சுவடிகளும் தொல்பொருள்கள். உரிமம் இல்லாமல் அவற்றை வியாபாரம் செய்யக் கூடாது, தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினருக்குப் பழைய ஏட்டுச்சுவடி ஒன்றைப் பரிசாகக் கொடுத்து அனுப்பும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அன்பாகச் செய்தாலும் சட்டத்தின் முன் அது கடத்தல்.

முதுமக்கள் தாழி உடைந்து எலும்பு தெரிந்தால் தொடவே வேண்டாம். கைபட்டால் மரபணு ஆய்வுக்கு அது கெட்டுப்போகலாம். அதற்கும் மேலே, அது ஒருவருடைய தாயோ பிள்ளையோ. மண்டையோட்டோடு நின்று படம் எடுத்துப் போடுகிறவர்கள் தங்கள் வீட்டுச் சுடுகாட்டில் அதைச் செய்வார்களா என்று யோசித்துப் பார்க்க வேண்டும். ஆதிச்சநல்லூரில் 1876-ல் ஜாகர் என்ற ஜெர்மானியர் தோண்டி எடுத்தவை பெர்லின் போய்ச் சேர்ந்தன. தாமிரபரணிக் கரையில் புதைத்தவர்களை அங்கே யாரும் கேட்கவில்லை, கேட்கும் வழக்கமும் அன்று இல்லை. இன்று நமக்கு அந்தச் சாக்கு கிடையாது.

மண்ணிலிருந்து சிலையோ காசோ வந்தால் என்ன செய்வது? 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சொன்னால் அரசு எடுத்துக்கொள்ளும், நிலமும் போய்விடும் என்ற பயம் ஊர்களில் பலமாக இருக்கிறது. உரிமையாளர் யாரும் இல்லை என்று முடிவானால், கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பங்கு உண்டு என்று அதே சட்டம் சொல்வது பலருக்குத் தெரியாது. மறைத்தால்தான் பங்கும் போகும், வழக்கும் வரும்.

பத்தூர் நடராசர் கதையை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். 1976-ல் பத்தூரில் பாழடைந்த சிவன் கோயில் பக்கத்தில் ஒரு கூலித் தொழிலாளி மண் தோண்டும்போது செப்புத் திருமேனிகள் கிடைத்தன. நடராசர் கைமாறிக் கைமாறி லண்டன் போனார். ஒரு கனடா நிறுவனம் வாங்கி, பராமரிப்புக்காகப் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அனுப்பியபோது போலீஸ் பிடித்தது. திருமேனியில் ஒட்டியிருந்த மண்ணும் கரையான் தடமும்கூட வழக்கில் சாட்சியாக வந்தன. அந்தக் கோயிலே வழக்காடும் உரிமை உள்ளது என்று ஆங்கிலேய நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. மேல்முறையீடும் முடிந்து 1991-ல் நடராசர் திரும்பினார். பிசுக்கையும் மண்ணையும் ஏன் துடைக்க வேண்டாம் என்கிறேன் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

யாரிடம் சொல்வது

கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், மாவட்டத் தொல்லியல் அலுவலர், அருகிலுள்ள அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியர். இதில் ஒருவருக்காவது எழுத்தில் போக வேண்டும், தேதியோடு ஒரு நகல் உங்களிடம் இருக்க வேண்டும். திருட்டு என்று சந்தேகம் வந்தால் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு இருக்கிறது. அனுப்பும் கடிதத்தில் கண்டெடுத்தவர் பெயரை, அவர் சம்மதத்தோடு, முதல் வரியிலேயே எழுதுங்கள். இலங்கையில் இருக்கும் வாசகர்களுக்குச் சட்டம் வேறு: அங்கே 1940-ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 70 ஆண்டு.

இடத்தைச் சொல்வதா, மறைப்பதா?

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து சோழர் கால நடராசர் திருடு போனார். ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் அவரை நியூயார்க் வணிகர் ஒருவரிடமிருந்து 2008-ல் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. போலி ஆவணங்கள் பக்காவாக இருந்தன. அந்த ஆவணங்களைப் பொய்யாக்கியது ஒரு புகைப்படம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பல ஆண்டுகளுக்கு முன் ஊர் ஊராகப் போய்க் கோயில் திருமேனிகளைப் படம் எடுத்து ஊர்ப் பெயரோடு அட்டையில் ஒட்டி வைத்திருந்தார்கள். அந்தப் படமும் கலைக்கூடத்துப் படமும் பொருந்தின. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே நடராசரைக் கொண்டுவந்து ஒப்படைத்தார். கூடவே விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரரும் வந்தார்.

அன்றைக்கு ஒருவர் படம் எடுக்காமல் விட்டிருந்தால் நடராசர் திரும்பியிருக்க மாட்டார். அதே நேரம், ஆளில்லாத கோயிலில் இன்ன திருமேனி இருக்கிறது என்று இடக்குறியோடு இன்று இணையத்தில் போட்டால், அது திருடனுக்கு வழி காட்டும் பலகை. ஆகவே பதிவு செய்வதை நிறுத்தாதீர்கள், முழுமையாகச் செய்யுங்கள். எதை, எங்கே, யாருக்குக் காட்டுகிறோம் என்பதில் மட்டும் பிரித்துக்கொள்ளுங்கள். தூக்கிக்கொண்டு போகக்கூடிய எதற்கும், அதாவது செப்புத் திருமேனி, சின்ன கற்சிலை, தனியாகக் கிடக்கும் நடுகல், சுவடி ஆகியவற்றுக்கு, பொதுவெளியில் மாவட்டப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். துல்லியமான இடம் துறைக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் ஆய்விதழுக்கும் போகட்டும். பாறை ஓவியத்துக்கும் இதுதான், அதைத் தூக்க முடியாது, ஆனால் கெடுக்க முடியும். தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் உள்ள கல்வெட்டுக்கு இந்தக் கவலை வேண்டாம், தாராளமாகப் போடுங்கள்.

கைபேசிப் படத்துக்குள் இட விவரம் ஒளிந்திருக்கும். கேமரா அமைப்பில் இடப்பதிவை நிறுத்திவிட்டு, ஜிபிஎஸ் எண்களைத் தனி நோட்டில் எழுதி வையுங்கள். வாட்ஸாப்பில் படத்தை ஆவணமாக அனுப்பினால் அந்த விவரமும் கூடவே போய்விடும், கவனம்.

மூலப் படங்களை ஒரே ஒரு வன்தட்டில் வைத்திருக்காதீர்கள். 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது வேறெங்கும் நகல் இல்லாத சுவடிகளும் சேர்ந்தே போயின. வீட்டில் ஒன்று, நண்பரிடம் ஒன்று, ஒரு நிறுவனத்திடம் ஒன்று என்று வையுங்கள். ஊர்க்காரர்களிடமும் அச்சிட்ட படம் ஒன்று இருக்கட்டும். சிலை காணாமல் போனால் காவல் நிலையத்தில் காட்ட அவர்கள் கையில் ஏதாவது வேண்டும்.

படத்துக்கு என்ன உரிமம் போடுவது

சுருக்கமாக: பெயர் சொல்லிப் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் எனக்குப் பிடித்தது. விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்ற வேண்டும் என்றால் வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமம் அங்கே செல்லாது என்பதை முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். கல்லின் குறுக்கே உங்கள் பெயரைப் பெரிதாக முத்திரை குத்தி, எழுத்தைப் படிக்க முடியாமல் செய்யாதீர்கள். படத்தின் கீழே எழுதினால் போதும். படத்தைக் காலண்டரிலோ சட்டையிலோ போட்டு விற்கப் போகிறீர்கள் என்றால், சட்டம் தடுக்காத இடத்திலும் கும்பிடுகிறவர்களைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பொதுப்பணத்தில் நடந்த அகழாய்வின் அறிக்கை பல ஆண்டுகள் வெளிவராமல் கிடப்பதை நாம் எல்லோரும் குறை சொல்கிறோம். ஆதிச்சநல்லூரில் 2004-ல் தொடங்கிய அகழாய்வின் அறிக்கைக்கு எவ்வளவு காலம் காத்திருந்தோம்! அதே நாம், கிடைத்த மூன்று வரிக் கல்வெட்டை யாருக்கும் காட்டாமல் ஐந்து வருடம் பெட்டியில் வைத்திருக்கிறோம். கட்டுரை எழுத ஓர் ஆண்டு எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. அதற்குள் முடியாவிட்டால் படத்தை வெளியே கொடுத்துவிடுங்கள், படிக்கத் தெரிந்தவர் படிக்கட்டும்.

உயிரோடிருப்பவர்களின் சொத்து

கல்லைப் பற்றிக் கேட்கப் போனால் பாட்டும் கதையும் சேர்ந்து வரும். ஒலிப்பதிவு செய்யத் தொடங்கும் முன், எதற்காகப் பதிகிறோம், எங்கே போடப் போகிறோம் என்று சொல்லி, அவர் சம்மதிப்பதையும் பதிவிலேயே வாங்குங்கள். பாடுகிறவருக்கு நிகழ்த்துநர் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது, 50 ஆண்டு. பாட்டு பரம்பரையாக வந்ததுதானே, யார் வேண்டுமானாலும் போடலாம் என்று நினைக்காதீர்கள். அவர் குரலும் அவர் பாடிய விதமும் அவருடையவை. சடங்கில் மட்டும் பாடுவது என்று சொன்னால் கருவியை அணைத்துவிடுங்கள்.

தோடர்களின் பூத்தையலுக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுவாமிமலை வார்ப்புத் திருமேனிக்கும் தஞ்சாவூர் ஓவியத்துக்கும் உண்டு. இது பெயருக்குத்தான் காவல். வேறெங்கோ தைத்ததைத் தோடர் பூத்தையல் என்று விற்க முடியாது. ஆனால் அதே சிவப்பு கறுப்புப் பூவை அச்சடித்து வேறு பெயரில் விற்பதை இந்தக் குறியீடு மட்டும் தடுத்துவிடாது. அந்த இடத்தில் சட்டம் நின்றுவிடுகிறது, வாங்குகிற நாமும் விற்கிற கடைக்காரரும்தான் யோசிக்க வேண்டும்.

வாசிப்பும் பெயரும்

வாசிப்பில் சந்தேகமான எழுத்தை அடைப்புக்குறிக்குள் போடுங்கள், தெரியாததைப் புள்ளி வைத்து விடுங்கள். கல்லில் இல்லாத சாதிப் பெயரை வாசிப்பில் ஏற்றாதீர்கள். இது ரொம்ப முக்கியம். 'எங்க ஆளுங்க கல்லுதானே இது?' என்று இரண்டு தரப்பும் கேட்பார்கள். தலைப்பில் அப்படி ஒரு பெயரைப் போட்டால் செய்தி வேகமாகப் பரவும், ஊரில் சண்டையும் வரும். நில எல்லைத் தகராறுக்கும் கல்வெட்டைச் சாட்சியாகக் கேட்பார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு விலகிக்கொள்ளுங்கள்.

பத்திரிகைக்குச் செய்தி கொடுக்கும்போது கல்லைக் காட்டியவர் பெயர் வருகிறதா என்று பாருங்கள். 'அப்பகுதி மக்கள் உதவியுடன்' என்று ஒரே சொல்லில் கரைத்துவிடுவது நம் வழக்கமாகிவிட்டது. வழி காட்டியவர், கழுவிக் கொடுத்தவர், படம் எடுத்தவர், வாசித்தவர், வாசிப்பைத் திருத்தியவர் என்று தனித்தனியாக எழுதினால் இரண்டு வரி கூடும், அவ்வளவுதான்.

அந்த வேடியப்பன் கல்லின் வாசகத்தையும் அதற்கு எளிய தமிழில் பொருளையும் பெரிய எழுத்தில் அச்சடித்து, கண்ணாடித்தாள் ஒட்டி, பூசாரியிடம் கொடுத்துவிட்டு வந்தோம். மாடு மீட்கப் போய் உயிர் விட்டவர் என்று படித்துச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதான் மாட்டுக்கு ஒண்ணுன்னா இவருகிட்ட வர்றோம் போல" என்றார். அடுத்த வருடம் போனபோது அந்த அட்டை வேப்பமரத்தில் ஆணி அடித்து மாட்டப்பட்டிருந்தது. அதன் நாலு மூலையிலும் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் இட்டிருந்தார்கள்.